நாச்சாரம் ரோவர்ஸின் சொந்த மைதானம்

1971 ஜூன் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, நாச்சாரத்தில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலைக்குப் பின்புறம் ஒரு கால்பந்து மைதானம் வந்து படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை அங்கே முள்ளும் யானை யானையாகப் பாறைகளும்தான் இருந்தன. பாறைகள் இப்போது காம்பவுண்டுச் சுவரோரம் ஒதுங்கி இடம் விட்டிருந்தன. மைதானம் நூற்றுப் பத்து கஜ நீளம், எழுபது கஜ அகலம். புல் ஈரமாக இருந்தது, சுண்ணாம்புக் கோடுகள் நேராக இருந்தன, கோல் கம்பங்களில் வலை மட்டும் இல்லை. கூடவே ஏழு ஆடுகள் மேய்ந்தபடி வந்திருந்தன. எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவற்றைக் கேட்டுப் பயனில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை.

தொழிற்சாலை முதலாளி சக்ரபாணி அந்த ஏப்ரலில்தான் நாச்சாரம் ரோவர்ஸ் கிளப்பைத் தொடங்கியிருந்தார். மற்ற அணிகளில் ஆட்டக்காரர்கள் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடினார்கள். ரோவர்ஸில் ஆடுவதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம். ஆனால் சொந்த மைதானம் இல்லாத கிளப்பை லீகில் சேர்ப்பதில்லை என்பது சட்டம். லீக் செயலாளர் இராமச்சந்திரன் வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தார். ஒரு மாதம் பாறையை இடித்ததில் கடப்பாரைகள்தான் குட்டையாகியிருந்தன.

பத்து மணிக்குள் செய்தி லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸை எட்டிவிட்டது. அங்கே குடியிருந்த மங்கையர்க்கரசி உலையை இறக்கி வைத்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களோடு வேடிக்கை பார்க்கக் கிளம்பினாள். மைதானம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தாள். தூரத்துக் கோலில் மஞ்சள் பனியன் போட்ட ஒருவன் பக்கவாட்டில் பறந்து பந்தைப் பிடித்து, விழுந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தான். நன்றாகப் பிடிக்கிறானே என்று அவள் நினைத்த பிறகுதான் அது தன் புருஷன் என்று தெரிந்தது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் வார்ப்படப் பிரிவில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவன் நடேசன். அன்று காலையும் சங்கு ஊதியதும் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டுதான் கிளம்பியிருந்தான்.

"இன்னாய்யா பண்றே இங்க?"

நடேசன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். "ஒர்க்‌ஷாப்புல வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். ஒரு மாசம் ஆச்சு."

"குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லுவான். ரெண்டு பொண்ணுங்கள இட்டுக்கினு எங்க போறது?"

"சொல்லியிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன். ரெண்டு நாளு சண்ட போட்டிருப்பேன். மூணாம் நாளு சரின்னிருப்பேன். அந்த ரெண்டு நாளு சண்டைய எனக்கு இல்லாம பண்ணிட்டியே!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள். மைதானம் எழுந்து அவள் பின்னால் போயிற்று. தார்நாகாவில் ஒரு பஸ் ஓரங்கட்டி வழி விட்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் கீப்பர் ஜேம்ஸ் கையை உயர்த்தி, "நக்கோ அக்கா, போகாதீங்க, கூட்ஸ் வருது. கிரவுண்ட கொஞ்சம் பின்னால நிக்கச் சொல்லுங்க" என்றான். வண்டி போகும்வரை மைதானம் நின்றது. பிற்பகல் இரண்டு மணிக்கு அது குவார்ட்டர்ஸின் பின்புறம் வந்து படுத்தபோது, பத்து ஆட்டக்காரர்களும் ஏழு ஆடுகளும், கோல் கம்பத்தை இறுக்கிப் பிடித்தபடி நடேசனும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சக்ரபாணியே காரில் வந்தார். "அம்மா, நாளன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன். நீங்க மனசு வைக்கணும்."

"நானா சாமி கூப்ட்டேன்? அதுவா வந்துச்சு" என்றாள் மங்கையர்க்கரசி.

தனக்கு வரவேண்டிய இரண்டு நாள் சண்டையை அவள் செவ்வாயும் புதனும் போட்டாள். முதல் நாள் குரலோடும் மறுநாள் குரலில்லாமலும். நடேசனுக்குச் சாப்பாடு கோல் கோடு வரைதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டான். புதன் மாலை சமையலறை ஜன்னல் வழியாக அவன் பறந்து விழுந்து சிரிப்பதை அவள் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அவன் வீட்டுக்கு வந்ததும் முதலில் இருமித் துப்பியது கரிமண். இந்த ஒரு மாதமாகத் தலையணையில் கறுப்பே படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெறும் சோப்பு மாற்றியதால் என்று நினைத்திருந்தாள்.

வியாழன் காலை தலையை முடிந்துகொண்டு வெளியே வந்து, "வூடு வேணும், ரெண்டு ரூமு, குழாத்தண்ணி. முதலாளிகிட்ட சொல்லிடு. இனிமே எதுவானாலும் மொதல்ல என்கிட்ட சொல்லணும்" என்றாள். நடேசன் பந்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். அவள் நாச்சாரத்தை நோக்கி நடந்தாள். பதினோரு மணிக்கு இராமச்சந்திரன் டேப் பிடித்து அளந்து, படிவத்தில் "சொந்த மைதானம்: உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் ஆட்டத்தில் ஒரு வங்கி அணியை ரோவர்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. கடைசி நிமிட பெனால்டியை நடேசன் பிடித்தபோது, கூட்டத்தில் முதலில் எழுந்து விசிலடித்தவள் மங்கையர்க்கரசி.

அதன்பின் அவள் ரேஷன் கடைக்குப் போனால் ஆட்டக்காரர்கள் பயிற்சியை நிறுத்தாமல் ஆடிக்கொண்டே கடை வாசல்வரை போய்வந்தார்கள். வெளியூர் ஆட்டங்களில்தான் தகராறு வந்தது. அவள் கூடப் போனால் மைதானமும் போய் அந்த ஊர் மைதானத்தின் மேல் போர்வை மாதிரி விரித்துக்கொண்டது. ரோவர்ஸுக்கு எல்லா ஆட்டமும் சொந்த மண்ணிலேயே நடந்தது. புகார் மேல் புகார் வந்தது. இராமச்சந்திரன் மூன்று வாரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு மைதானம் இன்னொன்றின் மேல் படுக்கக் கூடாது என்று எங்குமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருஷமே குண்டூர் கிளப்பிலிருந்து, எங்கள் மைதானம் முழுக்கக் கல், அம்மாவைத் தயவுசெய்து அழைத்து வரவும் என்று கடிதம் வந்தது. 1975க்குள் லீகில் எல்லா அணிகளுமே அவளுக்குப் பஸ் டிக்கெட் அனுப்பத் தொடங்கிவிட்டன. ரோவர்ஸ் இரண்டு முறை கோப்பை வாங்கியது, ஒரு முறை கடைசியில் வந்தது. ஏழு ஆடுகள் நாற்பதாயின. 1979இல் நடேசன் கையுறையைக் கழற்றி, கோல் கீப்பர்களுக்குப் பயிற்சியாளரானான். அதை முதலில் மங்கையர்க்கரசியிடம் சொன்னான். அவள் இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுச் சரி என்றாள்.

1984இல் அவர்களுக்குக் கூகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. மைதானம் பிளாக்குகளுக்கு நடுவே இருந்த காலி இடத்தில் ஓரத்தைச் சற்று மடித்துக்கொண்டு அடங்கியது. காலனிச் சங்கம் கூட்டம் போட்டுப் பேசியது. ஆட்சேபம் எதுவும் எழவில்லை. மங்கையர்க்கரசி வெளியே கிளம்புவதாக இருந்தால் பத்து நிமிடம் முன்னதாகப் படிக்கட்டில் நின்று சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். கோல் கம்பங்களில் காயும் துணிகளை எடுக்க அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது.