ஒரே சேனலில் இரண்டு வாசல்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மொத்தமாகத் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் ஒரு சிப் தைத்திருக்கும். வண்டி வாசலைத் தாண்டினால் போதும், சுவரிலிருக்கும் ரீடர் ரேடியோ அலையாலேயே அத்தனையையும் எண்ணிவிடும். இரண்டாம் வாசலில் வண்டி தள்ளுபவள் அண்ணி. இரண்டு வாசலுக்கும் ரீடர் மாட்டியவன் அவளுடைய கொழுந்தன்.

மாட்டிய நாளிலிருந்து இரண்டாம் வாசலில் மட்டும் கணக்கில் விரிப்பு குறைந்தது. வேலை முடிந்து போகும்போது அண்ணியின் பையை எல்லோர் முன்னாலும் திறந்து காட்டச் சொன்னார் மேனேஜர். தினமும்தான். ஒரு டிபன் டப்பா, ஒரு சீப்பு, அவ்வளவுதான் இருக்கும்.

"தம்பி, உன் மெஷின் தப்பா எண்ணுதோ என்னவோ?" என்று அவள் கேட்டதும் கொழுந்தனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி," என்றான், மேனேஜர் காதுபடவே. அட, என்ன திமிர்!

பிறகு ஏதோ உறுத்த, ரீடரின் செட்டிங்கைத் திறந்து பார்த்தான். பக்கத்து ரீடரின் அலையோடு மோதாமலிருக்க, ரீடர் சேனல் விட்டுச் சேனல் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். சோதனைக்காக அவன்தான் அதை ஒரே சேனலில் கட்டிப்போட்டிருந்தான். அவிழ்த்துவிட மறந்ததோடு, சோம்பேறித்தனமாக அதையே இரண்டாம் வாசல் ரீடருக்கும் நகலெடுத்திருந்தான். முதல் வாசல் ரீடர் போட்ட கூச்சலில் இரண்டாம் வாசலுக்குப் பாதி விரிப்புகளின் பதில் காதில் விழவேயில்லை.

சொல்லியிருக்கலாம். காதும் காதும் வைத்தாற்போல் சேனல் தாவலை இயக்கிவிட்டு நல்ல பிள்ளையாக எழுந்துவிட்டான். கணக்கு சரியானால் அண்ணியும் தப்பித்துவிடுவாள் என்று மனதுக்குள் ஒரு நொண்டிச் சாக்கு.

கணக்கு சரியாகத்தான் வந்தது. மேனேஜர் ஆட்களைக் கூட்டினார்.

"பாத்தீங்களா? தினமும் பையைப் பிரிச்சதும் திருட்டு நின்னுபோச்சு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நாளையிலருந்து இந்தம்மா வர வேண்டாம்."

கொழுந்தனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. 

"சார், திருட்டே இல்ல. தப்பு என்னோடது."

"அண்ணியைக் காப்பாத்தப் பாக்கறியா?"

அவன் நேராகப் போய் இரண்டு ரீடரையும் பழையபடி ஒரே சேனலில் கட்டினான். "நீங்களே தள்ளுங்க சார்," என்றான். மேனேஜர் நிறைவண்டியை இரண்டாம் வாசலில் தள்ளினார். திரையில் பாதி விரிப்பைக் காணோம்.

"சார், உங்க பையைக் கொஞ்சம் காட்டுங்க!" என்றாள் மேசையில் விரிப்பு மடிக்கும் ஒருத்தி. கூடமே சிரித்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கலாம் என்று கொழுந்தன் கூடத்தின் வெளிவாசலில் நின்றான். தலையைக் குனிந்தபடி வந்த அண்ணி, யாரும் கேட்காமலேயே பையைத் திறந்து அவன் முன்னால் நீட்டினாள். டிபன் டப்பா, சீப்பு.

"வேண்டாம் அண்ணி..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அட, நீதானா தம்பி," என்று அவசரமாகப் பையை மூடிக்கொண்டாள்.