கண்களைச் சிமிட்டவும்

செயலி என் முகத்தை மூன்றாவது முறையும் ஏற்கவில்லை. போன் திரையில் ஒரு வட்டம், அதற்குள் நான். கீழே ‘கண்களைச் சிமிட்டவும்’ என்று இருந்தது.

“இன்னா எழிலு, ஆதார் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி முறைக்கிற? சிமிட்டும்மா” என்றார் பிரவீன்குமார் அண்ணன்.

சிமிட்டிக்கொண்டிருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் சேவைக் குழு அவருடையது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறை. அப்பாவின் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தக நகலைக் கொடுத்து அன்று காலைதான் சேர்ந்தேன். அம்மா அனுப்பினாள். “வூட்லயே குந்திக்கினு செவுத்தப் பாக்காத. போய் யாருக்குனா எதுனா செய்” என்றாள். அப்பா போய் எட்டு மாதம். நான் இன்னும் அழவில்லை. அம்மாவுக்கு அதுதான் பயம்.

நவம்பரில் குழுவுக்கு ஒரே வேலை. பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குப் போய் போனில் முகத்தைப் பதிவு செய்கிறார்கள். போட்டோவைக் காட்டி ஏமாற்ற முடியாது. சிமிட்டினால்தான் உயிர் இருப்பதாகச் செயலி ஒப்புக்கொள்ளும். பதிவு செய்பவரும் முதலில் தன் முகத்தைக் காட்ட வேண்டும். நாலாவது தடவை என்னை ஏற்றுக்கொண்டது.

வெள்ளிமலையைத் தாண்டி வேன் ஒரு மண் பாதையில் நின்றது. அங்கே நாராயணசாமி ஐயாவின் வீடு. அவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். அன்று மாதத்தின் கடைசி நாள். அன்று பதியாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். வீட்டில் சிக்னல் இல்லை. அண்ணனும் டிரைவரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, மரவள்ளிக் காட்டுக்கு மேலே இருந்த பாறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என் போனில் மட்டும் இரண்டு கோடு காட்டியது.

வட்டத்துக்குள் அவர் முகம் வந்தது. அவர் சிமிட்டாமல் இல்லை. வட்டம் கேட்கும்போது சிமிட்டவில்லை. இரண்டு முறை நேரம் முடிந்துபோனது.

“கல்யாணத்தன்னிக்கும் இப்டித்தான், கண்ணு. கொட்டாம பாத்துக்கினே இருந்தாரு” என்றார் அவர் மனைவி சாலம்மாள். “அன்னிக்கு நல்லாத்தான் இருந்துது.”

அண்ணன் சிரித்தார். நான் போனைப் பிடித்தபடி இருந்தேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் டாக்டர் பஞ்சைத் திரியாகத் திரித்து அப்பாவின் கருவிழி ஓரத்தைத் தொட்டார். நான் விலங்கியல் படித்தவள். அந்தச் சோதனை எதற்கு என்று தெரியும். மூளையில் உயிர் இருந்தால் இமை மூடும். இமை அசையவில்லை. இன்னொரு கண்ணிலும் தொட்டார். வெளியே வந்து அம்மாவிடம், “டாக்டருங்க பாத்துக்கினு இருக்காங்கம்மா” என்றேன். அம்மா அப்பாவுக்குச் சவரம் செய்யப் புது பிளேடு வாங்கி வந்தாள். இரண்டு நாள் அதைக் கையில் வைத்திருந்தாள். நான் சொல்லவே இல்லை.

“இரு” என்றார் சாலம்மாள். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அடுப்பு ஊதுவதுபோல் அவர் கண்ணில் ஊதினார்.

இமைகள் சட்டென்று மூடித் திறந்தன. வட்டம் பச்சையானது.

“சிமிட்டிட்டாரு!” என்று அண்ணன் கத்தினார்.

அதே நொடி சிக்னல் போய்விட்டது. நாங்கள் அசையாமல் நின்றோம். ஐயாவின் வாயோரம் வழிந்ததைச் சாலம்மாள் முந்தானையால் துடைத்தார். கோடுகள் திரும்பி வந்தபோது செயலி பழைய இடத்தில் இல்லை. முதலில் இருந்து கேட்டது. முதலில் என் முகம்.

போனைத் திருப்பினேன். வட்டத்துக்குள் நான். பின்னால் வானம். கண்களைச் சிமிட்டவும். நேரம் முடிந்தது. மறுபடியும் தொட்டேன்.

“சீக்கிரம் எழிலு, மறுபடியும் போயிடப் போவுது” என்றார் அண்ணன்.

சிமிட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எந்த நரம்பு, எந்தத் தசை என்றுகூடத் தெரிந்தது. திரையில் இரண்டு கண்கள் திறந்தே இருந்தன.

சாலம்மாள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். “நீயுமா, கண்ணு?” என்றார்.

பிறகு கணவரின் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். வட்டத்தின் ஓரத்தில் அவருடைய குவிந்த உதடுகள் தெரிந்தன.