கோச் வீட்டு வாசல்ல என் போர்டு

அமெரிக்காவுல எங்க ஐயோவா மாநிலத்துல காலேஜ் ஃபுட்பால் டீம் தோத்துக்கிட்டே இருந்தா, யாராவது ராத்திரியோட ராத்திரியா கோச் வீட்டுப் புல்வெளியில 'வீடு விற்பனைக்கு'ன்னு போர்டு நட்டுட்டுப் போவாங்க. மூட்டையக் கட்டுன்னு அர்த்தம். அதெல்லாம் சகஜம்தான். ஆனா ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போற வழியில, கோச் ராய்ஸ் டன்லெவி வீட்டு வாசல்ல இருந்த போர்டுல என் மூஞ்சியே இளிச்சுக்கிட்டிருந்துச்சு. வீடு வித்துக் குடுக்கறது என் தொழில். அது என் போட்டோ போட்ட என் போர்டு.

பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. மறுநாள் ராய்ஸை வச்சுக்கிறதா, அனுப்புறதான்னு காலேஜ் கமிட்டியில ஓட்டு. ரெண்டு பேர் இப்படி, ரெண்டு பேர் அப்படி. அஞ்சாவது ஆள் நான். இந்த நேரத்துலயா என் போர்டு அங்க நிக்கணும்?

வண்டிய நிறுத்திட்டுப் போய் அதைப் பிடுங்கப் போனேன். கதவைத் திறந்துக்கிட்டு ராய்ஸ் பொண்டாட்டி மார்லிஸ் வந்தா.

"விடுங்க டோரீன். நான்தான் நட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"பக்கத்துத் தெருவுல நீங்க வித்து முடிச்ச வீட்டுலருந்து தூக்கிட்டு வந்தேன். அவரு தானா வேலைய விடமாட்டாரு. சாப்பிட உக்காந்தா உப்பு டப்பா, மிளகு டப்பாவை ஆட்டக்காரங்க மாதிரி நகர்த்தி நகர்த்தி மேட்ச் போட்டுப் பாக்குறாரு. உங்கள விட்டுட்டுப் போயிடுவேன்னு அவருகிட்ட சொன்னேன். அதுகூட காதுல விழல. நாளைக்கு அவரை அனுப்பிடுங்க, உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்."

போர்டை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.

கமிட்டித் தலைவர் வெர்ன் விதை வியாபாரி. மறுநாள் கூட்டத்துல எடுத்ததுமே ஆரம்பிச்சாரு. "ஜெயிச்சது ரெண்டே ரெண்டு மேட்ச். இன்னும் எவ்வளவு நாள் இந்தக் கூத்தைப் பாக்குறது டோரீன்?"

"யோவ் வெர்ன், பழைய கோச் போனப்போ முன்வரிசையில நின்னு முட்டித் தள்ள ஒரு தடிப்பய இருந்தானா? ராய்ஸ் கூட்டிட்டு வந்த பசங்களுக்கு இப்பத்தான் ரெண்டாவது வருஷம். முதல்ல படுகேவலமா தோத்தாங்க. கடைசி மூணு மேட்ச் ஒரே ஒரு டச்டவுன் வித்தியாசத்துலதான் போச்சு. அஸ்திவாரம் போட்ட வீட்டை யாராவது இடிப்பாங்களா?"

மார்லிஸ் சொன்னதப் பத்தி நான் வாயே திறக்கல. அவன் நல்ல கோச்சாங்கிறதுதான் கேள்வி, நல்ல புருஷனாங்கிறது இல்ல. கையத் தூக்கினேன். ராய்ஸுக்கு இன்னொரு வருஷம் கிடைச்சுது. அந்த முடிவு தப்புன்னு இப்பவும் நான் சொல்லமாட்டேன்.

நேரா அவங்க வீட்டுக்குப் போனேன். விஷயத்தச் சொன்னதும் ராய்ஸ் என்னைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கிட்டான். அடுத்த நிமிஷம் போனை எடுத்துக்கிட்டு உள்ள போயி, துணைக் கோச்சுகிட்ட அடுத்த சீசனப் பத்திக் கத்த ஆரம்பிச்சுட்டான். பொண்டாட்டி பக்கம் திரும்பக்கூட இல்ல.

மார்லிஸ் வெளிய போயி போர்டைப் பிடுங்கினா. என் மூஞ்சி மேல ஒட்டியிருந்த சேத்தை ஸ்வெட்டர் கையால துடைச்சு என்கிட்ட குடுத்தா.

"இந்தாங்க டோரீன். இந்த வீடு அவருக்கு வேணும்," அப்படின்னா. "எனக்குச் சின்னதா ஒண்ணு பாருங்க."