ஆடு விழாத படம்

ஜகார்த்தாவின் அந்தச் சிறிய அரங்கில், சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் பார்வையற்றோர் வருவார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் அமர்ந்து, திரையில் நடப்பதைக் காதோடு காதாகச் சொல்வார். பெரியவர்களை அங்கே ஆணானால் 'பாக்', பெண்ணானால் 'இபு' என்று மரியாதையாக அழைப்பார்கள். ஐந்து ஆண்டுகளாகச் சொல்லிவரும் வினார்னி அம்மையாருக்கு அன்றுதான் நா வறண்டது.

சத்ரியோ என்ற இளைஞர் எடுத்த அந்த நாற்பது நிமிடப் படத்தில் ஆளில்லை, பேச்சில்லை, ஓசையுமில்லை. பிலிமை உப்புநீரில் ஊறவைத்து, ஊசியால் கீறி, வெறும் ஒளியைத் துடிக்கவிட்டிருந்தார். அம்மையாரின் அருகில் இருந்த சுக்மோவோ பிறவியிலேயே பார்வை இல்லாதவர், உடம்பு பிடித்துவிடுபவர். அன்றைய வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். அவரை வெறுமனே திருப்பி அனுப்ப அம்மையாருக்கு மனம் வரவில்லை.

"இப்ப சிவப்பு. இப்ப மஞ்சள்."

"சிவப்ப வச்சு நான் என்ன பண்றது, இபு? மிளகாய்னாலும் நாக்குக்குத் தெரியும்."

வேறு வழியின்றி அம்மையார் ஒரு கதை கட்டினார். ஆற்றைக் கடக்க வந்த ஆட்டை முதலை தன் முதுகில் ஏறச் சொல்கிறது. ஏறிய ஆடு வழுக்கித் தொபுக்கென்று விழுகிறது.

சுக்மோ அம்மையார் பக்கம் சாய்ந்தார். "ஆடு விழுந்துச்சுங்கிறீங்க, ஒருத்தர்கூடச் சிரிக்கலையே. முன்வரிசை மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அது உங்க வீட்டு ஆடா, இபு?"

அம்மையாருக்கு முகம் சுட்டது. "மன்னிச்சிருங்க பாக். படத்துல ஆடே இல்ல. வெறும் வெளிச்சம்."

"அது உங்கள என்ன பண்ணுது? அதச் சொல்லுங்க."

"இமை துடிக்குது. நெஞ்சும் அதே வேகத்துல அடிக்குது."

"எந்த வேகத்துல?"

அது சொல்லில் அடங்கவில்லை. அம்மையார் அவருடைய முன்கையில் விரல்நுனிகளால் தட்டத் தொடங்கினார். ஒளி சிதறியபோது தூறலாகத் தட்டினார். வலுத்தபோது உள்ளங்கையால் அழுத்தினார். திரை இருண்டபோது கையை எடுத்துவிட்டார். முதல் இருளில் ஏதோ கேட்க வாயெடுத்த சுக்மோ, அடுத்த இருளில் முன்வரிசையோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தார்.

படம் முடிந்ததும் சத்ரியோ வாசலில் நின்று கருத்துக் கேட்டார். பலரும் "அருமை" என்று சொல்லி நழுவினார்கள். சுக்மோ மட்டும் நின்றார்.

"ஆரம்பம் நல்லாருக்கு தம்பி. நடுவுல ஒரே அடி, ரொம்ப நேரம். இபுவோட விரலே சலிச்சுப்போச்சு. அங்க கொஞ்சம் வெட்டுங்க. கடைசிக்கு முன்னால ஒரு இருட்டு வருது பாருங்க, அத மட்டும் தொட்டுராதீங்க."

சத்ரியோ அவசரமாகக் குறிப்பேட்டைத் தேடினார். "எனக்கும் அந்த நடுப்பகுதி உறுத்திக்கிட்டே இருந்துச்சு பாக். யாருமே சொல்லல."

அம்மையார் வலக்கையை உதறியபடி, தாமே அந்தப் படத்தை எடுத்ததுபோலச் சிரித்தார்.

"நாலு மணிக்கு இன்னொரு காட்சி இருக்காமே," என்றார் சுக்மோ. "இருப்போமா, இபு?"

"இருப்போம். ஆனா நீங்க எனக்கு அந்தப் பக்கமா வந்து உக்காருங்க. இந்தத் தடவ இடது கை."