பாதி அளவு ஜெலட்டின்

அந்த வீட்டில் சகோதரர்கள் மூவர், மனைவியர் இருவர், ஐந்து பேரும் தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்தார்கள். வீடு பெருக்க அது வசதியாகவே இருந்தது. மிதந்ததற்குக் காரணம், ஒவ்வொருவரும் மற்ற நால்வரையும் ஒரே அளவில் சந்தேகப்பட்டதுதான். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த இரண்டாவது சகோதரர், லேப்காரர், இதைக் கூழ்மம் என்றார்: ஒரே மின்சுமையுள்ள துகள்கள் ஒன்றையொன்று தள்ளும், சேராது, சேராததால் அடியில் படியாது. உப்பு விழுந்தால்தான் ஆபத்து: சுமை அடங்கி, துகள்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். அண்ணி சர்க்கரை டப்பாவின் மூடியில் தலைமுடி ஒன்றை ஒட்டிவைத்தாள். தம்பி செருப்பைப் பூட்டிவைத்தான். பதினோரு வருடம் சௌக்கியமாகப் போயிற்று.

பன்னிரண்டாம் வருடம் தங்கையின் கணவர் வேலை மாற்றலாகித் தங்க வந்தார். யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனிதர்; தரையில் நடந்தார். எல்லோரையும் பற்றி எல்லோரிடமும் நல்லதாகவே சொன்னார். ஒரே வாரத்தில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பிரிக்க முடியவில்லை. மறுநாள் அண்ணியும் ஒட்டிக்கொள்ள, மூவரும் ஒரே கட்டியாகிக் கூடத்தின் நடுவே தொப்பென்று படிந்தார்கள்.

"மாப்பிள்ளைதான் உப்பு," என்றார் லேப்காரர்.

அவருடைய கவலை மனைவி. அவளும் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தாள். ஆய்வகத்தில் சிவப்புத் தங்கக் கூழ்மத்தில் முன்கூட்டியே ஜெலட்டின் சேர்த்துவிட்டால், பிறகு உப்பு விட்டாலும் அது நீலமாகாது, படியாது. ஒரு பாத்திரம் காய்ச்சிக் கொண்டுவந்தார்.

"உடம்பு முழுக்கப் பூசிக்கோ. ஒட்ட மாட்டே."

"முழுசும் எனக்கா? அப்ப உங்களுக்கு?"

இவள் ஏன் இதைக் கேட்கிறாள் என்று அவர் யோசித்தார். பாதியை வேறு பாத்திரத்தில் ஊற்றி மறைத்துவைத்தார்.

"அளவு குறைஞ்சா இன்னும் சீக்கிரமா சேரும்னு நீங்கதானே தூக்கத்துல சொல்வீங்க?"

"என் தூக்கத்தைக்கூட ஒட்டுக் கேக்குறியா?"

சும்மா விட்டிருந்தால் ஒரு வாரமாவது தாக்குப்பிடித்திருப்பாள். பாதி ஜெலட்டினோடு அன்று மாலை ஐந்து மணிக்கே சேர்ந்துவிட்டாள்.

நால்வரும் இப்போது ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள், இடையிடையே சிரிக்கிறார்கள். மீதி ஜெலட்டினைப் பூசிக்கொண்ட லேப்காரர் மேலேயிருந்து, "என்னைப் பத்தித்தானே?" என்று கேட்கிறார்.

"இல்லீங்க. சத்தியமா இல்லீங்க," என்கிறாள் மனைவி, கட்டிக்குள்ளிருந்து.

அவர் நம்புவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை உயர்ந்துவிடுகிறார். அந்தக் கூடத்தில் மின்விசிறி போடுவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது.