ரோட்டில் போட்ட கொள்ளு

அதியமான்கோட்டைப் பக்கம் தார் ரோடு வந்ததும் நஞ்சம்மாள் களத்தை மறந்தே போனாள். கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் விரித்துவிட்டால் போதும், மாட்டுவண்டியும் பஸ்ஸும் ஏறி இறங்கிக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். ஊரே அப்படித்தான் செய்தது. சும்மா கிடைக்கிற சக்கரத்தை யார் விடுவார்கள்?

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடுவதற்காக, முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமியபடி வரும் காலை பஸ். அதன் டிரைவர் சென்றாயன் வண்டியை நிறுத்தி அவளிடம் சொல்லாத நாளில்லை.

“அக்கா, பனியில செடி வழுக்குதுங்க. வெயில் ஏறினப்புறம் போடுங்க.”

“நீ மெதுவா ஓட்டு தம்பி. உனக்கும் கொள்ளு ரசம் வெச்சுத் தரேன்.”

சிரித்துவிட்டுப் போவான். தங்கமான பிள்ளை.

தை மாதத்தில் ஒரு நாள். மறுநாள் சந்தை என்ற அவசரத்தில் ஈரச் செடியை முழங்கால் உயரத்துக்குப் போட்டிருந்தாள். பனிமூட்டத்தில் கிட்டே வந்த பிறகுதான் சென்றாயனுக்கு அது தெரிந்தது. பிரேக்கை மிதித்தான். வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. பஸ்ஸில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். சென்றாயன் மட்டும் எழவில்லை.

போலீஸ் ஏட்டு வருவதற்குள் ஊர் சேர்ந்து செடியை வாரி ஒளித்துவிட்டது. டிரைவர் தூங்கிவிட்டான் என்று அவள் புருஷன் மாதையன் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். பாவி, நஞ்சம்மாளும்தான்.

காரியம் முடிந்து சென்றாயன் மனைவி சாலம்மாள் அந்த இடத்தைப் பார்க்க வந்தாள். பட்டை உரிந்த மரத்தைத் தடவிக்கொண்டே, கூடி நின்ற ஊர்க்காரர்களிடம் கேட்டாள்.

“குடிச்சிருந்தாரா, தூங்கினாரான்னு எங்க ஊர்ல என்னையக் கேக்குறாங்க. எங்கூட்டுக்காரரு வண்டியில கண்ணசர மாட்டாருங்க. யாராச்சும் பாத்தீங்களா?”

மாதையன், சொல்லாதே என்று நஞ்சம்மாளுக்குக் கண்ணைக் காட்டினான். அந்தக் கொள்ளு வீட்டு மூலையில் மூட்டையாக அப்படியே கிடந்தது. ஒரு பிடி எடுத்து உலையில் போட அவளுக்கு மனம் வரவில்லை.

“அவன் தூங்கலம்மா. செடி போடாதீங்க அக்கான்னு தினமும் சொன்னான். நாந்தான் கேக்கல.”

சாலம்மாள் அழவில்லை. “இத எங்க ஊருக்கு வந்து சொல்லுவீங்களா?” என்றாள்.

நஞ்சம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு அவளோடு நடந்தாள். மாதையன் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

ஊர் எல்லையில் ரோட்டின் குறுக்கே யாரோ அன்றைக்கும் கொள்ளுச் செடி விரித்திருந்தார்கள். சாலம்மாள் அதன் முன்னால் நின்றுவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.