மெர்வினைக் கொல்ல ஒரு வாள்

எங்கள் சங்கத்தில் மெர்வினைக் கொல்ல ஆசைப்படாதவர் யாரும் இல்லை. தப்பாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் சண்டை எல்லாம் பொய்ச் சண்டை, வாள்கள் எல்லாம் முனை மழுங்கிய நகல்கள். எங்கள் ஊரான ஸ்டான்தார்ப்பின் கண்காட்சித் திடலில் குளிர்காலத் திருவிழா நடக்கும்போது, பழங்கால உடுப்பை மாட்டிக்கொண்டு ஒரு போரை நடித்துக் காட்டுவோம். அடி பட்டால் விழ வேண்டும், அவ்வளவுதான் விதி. மெர்வின் மட்டும் விழமாட்டான். எந்த அடி வாங்கினாலும், கவசம் தாங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பான்.

இந்த வருஷம் சங்கத் தலைவி குவெண்டா கதையையே மாற்றி எழுதிவிட்டாள். பிரபுவாக வரும் மெர்வின், போரின் கடைசியில் ஒரு விதவையின் கையால் சாக வேண்டும். விதவை யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் டெஸ்லி என்று வந்தது. நான்தான். நகராட்சிக்குப் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அதற்காகவே ஒரு வாள் தயார் செய்தேன். கடையில் வாங்கிய நகல் சர்க்கஸ் சாமான் மாதிரி பளபளத்தது, பார்க்கவே வெட்கமாக இருந்தது. அலகை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றி எறிந்தேன். விரல்களைக் காக்கிற குறுக்குக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நானே வளைத்தேன். மரத்தில் பிடி செதுக்கி ஆட்டுத்தோல் சுற்றினேன். முதலில் கம்பி, அப்புறம் பிடி, கடைசியாக அடிக்குமிழ் என்று, பிடிக்குள் நுழைகிற அலகின் வாலில் வரிசையாகக் கோத்து, குமிழுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் நுனியைச் சுத்தியலால் தட்டிப் பரப்பி ரிவிட் அடித்தேன். அடித்துவிட்டால் பிறகு எதையும் கழற்றவும் முடியாது, நுழைக்கவும் முடியாது.

சனிக்கிழமை காலை ஆயுதச் சோதனை. சோதிக்கிற அதிகாரி யார்? அதே மெர்வின்தான்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் காதோரம் வைத்து ஆட்டினான். கடகடவென்று சத்தம் வந்தது. பாழாய்ப்போன குளிரில் பிடியின் மரம் சுருங்கியிருந்தது.

"இது வாளா, கிலுகிலுப்பையா, டெஸ்?"

ஒரு துண்டுத் தோலைச் சந்தில் செருகிவிடுகிறேன், சரியாகிவிடும் என்றேன். அதெல்லாம் ஒட்டுவேலை, ஆடுகிற வாளைக் களத்துக்குள் விடமாட்டேன், நீ இன்றைக்குக் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடு என்றான். விதவை இல்லாவிட்டால் பிரபுவுக்குச் சாவு இல்லை. அந்த நிம்மதி அவன் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தது.

குவெண்டா குறுக்கே வந்து, போருக்கு முன்னால் வாள் சரியாகிவிட்டால் டெஸ்லி சண்டை போடலாம் என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்குள் எங்கள் கூடாரத்தைச் சுற்றி வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் மெர்வினுக்குத் தன் உயிர்கூட மறந்துபோகும். கொடு இங்கே, எப்படிச் செய்வதென்று நான் காட்டுகிறேன் என்று வாளைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

ரிவிட்டை அரத்தால் ராவி எடுத்தான். குமிழ், பிடி, கம்பி எல்லாவற்றையும் உருவி மேசையில் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொற்பொழிவு. பிடியின் துளைக்குள் மெல்லிய தோலை ஒட்டினான். வேலை சுத்தம், அதை நான் மறுக்கமாட்டேன். பிறகு பிடியை ஏற்றினான், குமிழை ஏற்றினான், சுத்தியலை எடுத்தான்.

குறுக்குக் கம்பி அவனுடைய கையுறைக்கு அடியில் கிடந்தது. அதன் ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல மனசுக்காரி யாராக இருந்தாலும் சொல்லியிருப்பாள். நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன். தொண்டை காயுமே என்று அவனுக்கு ஒரு டீயும் போட்டுக் கொடுத்தேன்.

தட்டித் தட்டி முடித்தான். வாளைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். சத்தமே இல்லை. கூட்டம் கைதட்டியது.

"ரொம்ப அழகா இருக்கு, மெர்வ்," என்றாள் குவெண்டா. "கம்பி எங்கப்பா?"

அவன் வாளைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், கையுறையைத் தூக்கிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. கம்பி இல்லாத வாளோடு களத்தில் இறங்கினால் விரல் நசுங்கிவிடும், அனுமதியே கிடையாது. மறுபடி கழற்றிக் கோக்க நேரமும் இல்லை.

"நீ பார்த்துட்டுதானே இருந்தே? சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பாடம் நடத்தறப்ப குறுக்க பேசினா உனக்குப் பிடிக்காதே, மெர்வ்."

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொருவர் ஆயுதத்தை எவர் கெடுத்தாலும், அன்றைக்குத் தன் ஆயுதத்தை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். குவெண்டா மெர்வினிடம் கையை நீட்டினாள். மெர்வினின் வாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குமிழில் வெள்ளி இழைத்தது. அவன் பெண்டாட்டிகூட அதைத் தொட முடியாது. தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் குழந்தையைப் போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கூட்டமே பார்த்துக்கொண்டிருந்ததால் கொடுக்காமல் தப்பிக்க முடியவில்லை.

போரில் பிரபு இரவல் ஈட்டியோடு வந்தார். நானும் நேரம் வந்ததும் போய், அவன் மார்க்கவசத்தில் ணங்கென்று ஒன்று வைத்தேன். அவன் லேசாகத் தள்ளாடினான். அப்புறம், நான் எதிர்பார்த்தபடியே, நிமிர்ந்து நின்றான்.

"அடி பத்தல, டெஸ்," என்று பல்லிடுக்கில் சொன்னான்.

"அப்படியா? உன் வாளுக்கு அடிக்கிற தெம்பு இல்லைன்னு குவெண்டாவை மைக்குல சொல்லச் சொல்லட்டுமா?"

மெர்வின் ஒரு கணம் யோசித்தான். பிறகு மரம் சாய்கிற மாதிரி மல்லாந்து விழுந்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. எத்தனை வருஷக் கனவு! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. குனிந்து, பிரபு செத்தாரா என்று பார்க்கிற பாவனையில் அவன் முகத்தருகே போனேன்.

"புல்லு ஈரமா இருக்கு," என்றான் கண்ணைத் திறக்காமலே. "தயவுபண்ணி வாளைக் கீழ வெச்சிடாதே."

"செத்தவங்க பேசக்கூடாது, மெர்வ்," என்று சொல்லிவிட்டு, வாளைப் பதவிசாக ஈரப் புல்லில் கிடத்தினேன். பிறகு கூட்டத்துக்குக் கும்பிடு போடப் போனேன்.